ஒரு நாள் கடலுக்குப் போவோம்!

(இளம் அறிவியல், விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

கோடை நெருங்கினால் நம் கல்லூரியில் இரண்டு பேச்சுகள் எழும். ஒன்று தேர்வு, மற்றொன்று சுற்றுலா. தேர்வைப் பற்றிய பேச்சு விரைவில் அடங்கிவிடும். சுற்றுலாவைப் பற்றிய வாதமோ மரத்தடியில் நாள்கணக்கில் நடக்கும். ஏலகிரியா, ஏற்காடா, உதகையா என்று கட்சி கட்டிக்கொண்டு மோதுவோம். எந்தக் கட்சி வென்றாலும் நாம் அங்கே செய்வது ஒன்றுதான். ஏரிப் படகுக்கு வரிசையில் நிற்போம், படம் எடுத்துக்கொள்வோம், பஸ்ஸில் பாடிக்கொண்டே திரும்புவோம்.

இவ்வாண்டு நான் மூன்று கட்சிகளிலும் சேராமல் வேறொரு கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். நாம் கடலுக்குப் போக வேண்டும். கடற்கரைக்கு அன்று, கடலுக்கே! விடியுமுன் மீனவரோடு படகேறி, தூண்டில் பிடிக்கத் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒன்றாய் அமர்ந்து, ஒரு நாள் முழுதும் மீன் பிடித்துத் திரும்ப வேண்டும். அந்த ஒரு நாளுக்குரிய ஊதியத்தை அந்த மீனவர் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

“தோல் ஊர்க்காரனுக்குக் கடல் எதற்கப்பா?” என்று நண்பர் ஒருவர் சிரித்தார். நமக்கும் கடலுக்கும் உறவில்லை என்று யார் சொன்னது? கர்நாடகத்து நந்தி மலையில் பிறக்கும் பாலாறு, வாணியம்பாடியையும் ஆம்பூரையும் வேலூரையும் தொட்டு, 348 கிலோமீட்டர் கடந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூரில்தான் கடலைச் சேர்கிறது. எங்கள் தாத்தா அந்த ஆற்றில் துண்டை விரித்துக் கெண்டை பிடித்தவர். நான் அதே ஆற்று மணலில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன். இடையில் நடந்தது நமக்கெல்லாம் தெரிந்த கதை. தோல் கெடாமலிருக்க உப்பிடுகிறோம். அந்த உப்பைத் தொட்டியில் கழுவுகிறோம். கழுவிய நீரை மண்ணிலும் ஆற்றிலும் விட்டுவிட்டோம். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று நம் பகுதியைப் பற்றிய வழக்கில்தான் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்க வேண்டியிருந்தது. கடல் உப்பாயிருப்பது இயற்கை. நம் கிணறு உப்பானது நம் செயல். கடல் மீன் உப்புநீரைக் குடித்து, மிகையான உப்பைச் செவுள் வழியே வெளியேற்றிவிடும். கெண்டைக்கு அந்த வித்தை தெரியாது. ஆகவே ஆற்றில் மீனைப் பார்க்காத நான், மீனைத் தேடி அந்த ஆற்றின் கடைசி வரை போக வேண்டியதாயிற்று.

சென்ற மே மாதம் போனேன். விடுதி நண்பன் ஒருவனின் தாய்மாமன் சதுரங்கப்பட்டினத்தை அடுத்த குப்பத்தில் கடல் தொழில் செய்பவர். அவரை நானும் மாமா என்றே அழைத்தேன். அதிகாலை நான்கு மணிக்கு எழுப்பினார். இரவில் நிலம் கடலைவிட விரைவில் குளிர்கிறது; ஆகவே காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது; பகலில் இது தலைகீழாகிறது. பள்ளிப் புத்தகத்தில் படம் போட்டுப் பாகம் குறித்தது எனக்கு நினைவிருந்தது. ஆனால் அந்தக் காற்றோடு போய் இந்தக் காற்றோடு திரும்புவதற்கென்றே ஒரு தொழிலின் நேரம் வகுக்கப்பட்டிருக்கிறது என்பதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

இப்போது கட்டுமரம் அருகிவிட்டது. ஆங்கில அகராதிக்கே பெயர் கொடுத்த அந்தக் கலத்தின் இடத்தை, 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெரிதும் பிடித்துக்கொண்டன. மாமாவின் படகும் அதுதான். படகில் உயிர்காப்பு உடுப்பு ஒன்றே ஒன்று இருந்தது. அதை எனக்கு மாட்டிவிட்டார். “உங்களுக்கு?” என்றேன். “நான் இங்கேயே பொறந்தவன் தம்பி. நீ குந்திக்கோ, நிமிர்ந்து நிக்காதே” என்றார்.

அலை தாண்டி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. என் வயிறு புரண்டது. உட்செவியிலுள்ள அரைவட்டக் குழல்கள் உடலின் சமநிலையை எப்படிக் காக்கின்றன என்ற வினாவுக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியவன். அந்த நான்தான் படகின் விளிம்பைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்தேன். மாமா சிரிக்கவில்லை. “தண்ணியைப் பார்க்காதே. அதோ கரை, ஆடாம நிக்குது பார், அதையே பாரு” என்றார். பார்த்தேன். சிறிது நேரத்தில் தலை நின்றது. கண் ஒன்று சொல்ல, செவி வேறொன்று சொல்வதால் வருவது அந்த மயக்கம். காரணம் எனக்குத் தெரியும். மருந்து அவருக்குத் தெரியும். படகோட்டியிடம் இலக்கணம் கேட்ட பண்டிதர் கதையை நாம் எத்தனை மேடைகளில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறோம்! அந்தப் பண்டிதர் நாம்தான் என்று எவரேனும் நினைத்ததுண்டா?

தெற்கே பாலாற்று முகத்துவாரத்தை நோக்கிப் போனோம். ஓரிடத்தில் என்ஜினை நிறுத்தினார். எனக்கு எல்லாத் தண்ணீரும் ஒன்றாகவே தெரிந்தது. அவரோ கரையைக் காட்டினார். கோயில் கோபுரமும் அதன் பின்னால் ஒரு பனையும் ஒரே நேராக வருகின்றன. வடக்கே அணுமின் நிலையத்தின் உயர்ந்த கட்டடமும் ஒரு தோப்பின் முனையும் ஒரே நேராக வருகின்றன. இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் நம் படகு நிற்கிறது. “இதுக்குக் கீழே பார் இருக்கு. பார்ல மீன் மேயும்” என்றார். வடிவியல் தேற்றத்தைக் கண்ணால் கண்டேன். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரைத் ‘தெண்டி’ என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரை ‘வன்னி’ என்றும் அவர் பிரித்துச் சொன்னார். தூண்டில் நரம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கொண்டு நீரோட்டத்தின் வேகத்தை அளந்து, அதற்கேற்ப ஈயக்குண்டை மாற்றினார்.

எனக்கு ஒரு நரம்பைக் கொடுத்து, இறால் துண்டைக் கோத்தும் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் அவர் பக்கம் சங்கராவும் பாறையுமாகக் குவிந்தன. என் பக்கம் இரை மட்டுமே களவு போயிற்று. “மீன் கொத்தறப்ப இழுக்காதே. அது எடுத்துக்கிட்டுத் திரும்பறப்ப இழு” என்றார். விரல் நுனியில் அந்த வேறுபாட்டை அறியவே எனக்கு நடுப்பகல் ஆயிற்று. முதலில் ஒரு கிழங்கான் வந்தது. பிறகு ஒரு கெளுத்தி. ஆசையோடு கையை நீட்டினேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளிவிட்டு, அதன் முள்ளை முதலில் ஒடித்தார். அம்முள் நச்சுள்ளது என்று நான் படித்திருக்கிறேன். படித்தது என் கையை நிறுத்தவில்லை. அவர் கைதான் நிறுத்தியது.

கரை திரும்பியபின் பணம் கொடுக்க முயன்றேன். “மருமவன் கூட்டாளிகிட்ட காசா?” என்று மறுத்துவிட்டார். அவர் வீட்டு நிலை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கீழைக் கடற்கரையில் மீன்கள் முட்டையிடும் காலமென்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடை. விசைப்படகுகளும் இழுவைப் படகுகளும் கட்டிவைக்கப்படும். கரையை ஒட்டித் தொழில் செய்யும் நாட்டுப் படகுகள் மட்டும் போய்வரும். விசைப்படகில் கூலிக்குப் போகும் அவர் தம்பிக்கு அந்த இரண்டு மாதமும் வேலை இல்லை. அரசு தரும் நிவாரணம் 5,000 ரூபாயாக இருந்தது, 2024இல் 8,000 ஆயிற்று. 61 நாளுக்கு ஒரு குடும்பத்துக்கு இது போதுமா? நமக்குக் கோடை விடுமுறை. அவர்களுக்குக் கோடை பசி. இந்த இரண்டையும் ஏன் ஒரு படகில் ஏற்றக் கூடாது என்பதே என் கேள்வி.

இதற்கு மூன்று தடைகள் சொல்லப்படும். அவற்றையும் பார்ப்போம்.

முதலாவது, இது செல்வர் பொழுதுபோக்கு என்பது. உண்மைதான். அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரையிலும், நம் அந்தமான் தீவுகளிலும் கட்டணம் செலுத்தி முழுநாள் மீன்பிடிக்கப் போகிறார்கள். தூண்டிலைத் தொட்டறியாதவருக்கும் அங்கே இடமுண்டு. படகின் பணியாள் இரை கோத்துக் கொடுத்துக் கற்றுத் தருகிறார். ஆனால் நமக்கு ஆடம்பரப் படகு வேண்டாம். நான்கு மாணவர் ஒரு நாட்டுப் படகில் எரிபொருள் செலவையும் மீனவரின் ஒரு நாள் வருவாயையும் பகிர்ந்துகொண்டால் உதகைக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியே ஆகும்.

இரண்டாவது, மீன்வளம் கெடும் என்பது. தடைக்காலத்தின் நோக்கத்தை விலங்கியல் மாணவனாகிய நான் மதிக்கிறேன். ஆகவே வலை கூடாது. ஆளுக்கொரு தூண்டில் போதும். சிறு மீனையும் சினை மீனையும் கடலில் விட்டுவிட வேண்டும். எது சிறிது, எது சினை என்று பிரித்தறிவதே நல்ல செய்முறைப் பாடம் அன்றோ?

மூன்றாவது, ஆபத்து. இதுவே பெரிய தடை. இதை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகப் படகேறிய இருபதுக்கும் மேற்பட்டோர் படகு கவிழ்ந்து மாண்டனர். மாமாவும் இதையேதான் கேட்டார்: “ஊர்ப் புள்ளைங்க வந்தா கத்துத் தரலாம் தம்பி. ஆனா ஒண்ணு ஆயிட்டா யார் பதில் சொல்றது?” மீன்பிடி படகில் கண்டவரையும் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று நான் சொல்லவில்லை. நான் போனதும் சரியான முறை அன்று. ஓர் உடுப்பை இருவர் பகிர முடியாது. அமெரிக்காவில் கட்டணப் பயணிகளை ஏற்றும் படகுத் தலைவர் அந்நாட்டுக் கடலோரக் காவல் படையின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். படகில் ஆளுக்கொரு உயிர்காப்பு உடுப்பு இருக்க வேண்டும். நம்மால் ஏன் முடியாது? மீன்வளத் துறை படகையும் படகோட்டியையும் சோதித்து அனுமதி தரட்டும். மீனவர் கூட்டுறவுச் சங்கம் முறை வைத்துப் படகுகளை அனுப்பட்டும். பயணிக்கும் படகுக்கும் காப்பீடு இருக்கட்டும். ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அலையின் உயரத்தை முன்கூட்டியே அறிவிக்கிறது. அலை மிகுந்த நாளில் எவரும் புறப்பட வேண்டாம். இவை அமையும்வரை காத்திருப்போம். ஆனால் கேட்காமல் காத்திருந்தால் எதுவும் அமையாது. நம் கல்லூரியின் வேண்டுகோளே முதல் வேண்டுகோளாய் இருக்கட்டும்.

மாணவியர் வர முடியுமா என்று கேட்பவருக்கும் ஒரு சொல். கரையில் மீனை விலை பேசி, சந்தைக்குக் கொண்டு சென்று, குடும்பத்தைக் காப்பவர் அங்கே பெண்களே. அவர்களிடம் கற்க வேண்டிய கணக்கு நம் வணிகவியல் துறையிலும் இல்லை.

இவ்வளவும் ஒரு நாள் பொழுதுபோக்குக்காகவா? அன்று. என் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என்னைப் போன்றவர் இக்கல்லூரியில் பலர். படிக்க வந்ததும் நம்மை அறியாமல் ஒரு நோய் பற்றிக்கொள்கிறது. எழுதத் தெரிந்தவன் அறிந்தவன், கையால் உழைப்பவன் அறியாதவன் என்று நினைக்கத் தொடங்குகிறோம். என் அப்பா டேனரியில் உப்புத் தோல் ஊறும் தொட்டியில் இருபத்தைந்து ஆண்டுகளாக நிற்பவர். சேர்க்கை விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் ‘தனியார் பணி’ என்று எழுதினேன். பொய் இல்லை. ஆனால் ஏன் அப்படி எழுதினேன் என்பது எனக்குத் தெரியும்.

அன்று மாமா என் இரண்டு மீன்களையும், தம்முடையதில் சிலவற்றையும் கீறி உப்புத் தடவிக் கட்டிக் கொடுத்திருந்தார். இரவு வெகுநேரம் கழித்து வீடு சேர்ந்தேன். அப்பா பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு மீனை எடுத்துக் கட்டைவிரலால் தோலை மெல்லத் தடவினார், உப்பைத் தேய்த்துப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார். தோலாயிருந்தாலும் மீனாயிருந்தாலும் உப்பு குறைந்தால் அழுகும், மிகுந்தால் இறுகும் என்றார். பிறகு கேட்டார்: “யாரு உப்புப் போட்டது? அளவு தப்பல. தொழில்ல கைகாரர்தான்.”

நேரில் பார்த்திராத ஒரு தொழிலாளியை மற்றொரு தொழிலாளி உப்பைத் தொட்டே அறிந்துகொண்டார். இரண்டு ஆசிரியர்களுக்கும் நடுவே நான் மாணவனாக நின்றேன்.

பேராசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே! மலைகள் எங்கும் போய்விடா. அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். இந்தக் கோடையில், உரிய பாதுகாப்போடு, ஒரு நாள் கடலுக்குப் போக வழி கேட்போம். தூண்டில் பிடிக்கத் தெரியாதவரே முதலில் பெயர் கொடுங்கள். என் பெயரை நான் கொடுத்துவிட்டேன். இம்முறை படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘தோல் பதனிடுபவர்’ என்று எழுதியிருக்கிறேன்.