பிள்ளைக்குக் காய்ச்சலா? முதலில் ரத்தப் பரிசோதனை

கோராபுட், ராயகடா, மல்கான்கிரி பக்கம் மாற்றல் ஆர்டர் வந்ததும் நம் ஆட்கள் முதலில் கேட்பது, நல்ல சி.பி.எஸ்.இ. ஸ்கூல் இருக்கிறதா, பச்சரிசி புழுங்கலரிசி கிடைக்குமா என்பதுதான். மலேரியாவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

குளிர் நடுக்கம், காய்ச்சல், வியர்வை, ஒரு நாள் விட்டு ஒரு நாள்... இது பள்ளிக்கூடத்தில் படித்த மலேரியா. குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் சரிப்பட்டு வராது. வெறும் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, இருமல், சாப்பாடு வேண்டாம் என்ற அடம் என்றுதான் ஆரம்பிக்கும். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, கண் பட்டுவிட்டது என்று தாங்களே தீர்ப்பு எழுதி, பாராசிட்டமால் சிரப்பிலேயே மூன்று நாளைத் தள்ளுகிறவர்கள் உண்டு.

ஒடிசாவில் அதிகம் இருப்பது ஃபால்சிபாரம் வகை. அதற்கு மூன்று நாள் என்பது தாராளமான அவகாசம். முற்றிய நிலையில் ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தைகளிடம் டாக்டர்கள் பார்ப்பது: வலிப்பு, நினைவிழப்பு (மூளை மலேரியா), ஹீமோகுளோபின் 5 கிராமுக்கும் கீழே இறங்கும் ரத்தசோகை, ரத்தத்தில் சர்க்கரை சரிவது, மூச்சுத்திணறல். பெரியவர்களுக்குச் சிறுநீரகம் அடிவாங்குவது அதிகம் என்றால், பிள்ளைகளுக்கு வலிப்பும் ரத்தசோகையும் முந்திக்கொள்கின்றன. பிழைத்தாலும் சில பிள்ளைகளுக்கு நரம்புக் கோளாறு தங்கிவிடுகிறது.

"இந்த ஊர் ஜனங்கள் சமாளிக்கவில்லையா?" என்று கேட்பார்கள். பலமுறை மலேரியா வந்து போன பெரியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி உண்டு. தஞ்சாவூரிலிருந்து வந்து இறங்கிய பிள்ளைக்கு அது சுத்தமாகக் கிடையாது.

ஒடிசா அரசு 2017-இல் 'தமன்' திட்டத்தை ஆரம்பித்து, எளிதில் போக முடியாத கிராமங்களில் காய்ச்சல் இல்லாதவர்களுக்கும் பரிசோதனை செய்து மருந்து கொடுத்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் மலேரியா நன்றாகவே குறைந்தது. குறைந்ததே தவிர, ஒழிந்துவிடவில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அரை மணிக்குள் முடிவு சொல்லும் பரிசோதனை, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். காய்ச்சல் வந்த அன்றே போய்விட வேண்டும். 'இல்லை' என்று வந்தும் காய்ச்சல் விடாவிட்டால் மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. லீவில் ஊருக்குப் போன இடத்தில் காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் "ஒடிசாவிலிருந்து வந்திருக்கிறோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே அவருக்கு டெங்கு, டைஃபாய்டுதான் முதலில் தோன்றும். கொசு கடித்து ஒரு வாரத்துக்குப் பிறகுதான் காய்ச்சலே வரும். வைவாக்ஸ் வகையோ கல்லீரலில் பதுங்கி, மாதக்கணக்கு கழித்தும் தலைகாட்டும். அதற்கு டாக்டர் 14 நாள் மாத்திரை எழுதினால், காய்ச்சல் விட்டதே என்று பாதியில் நிறுத்தக் கூடாது.

புதிதாக ஒரு தமிழ்க் குடும்பம் வந்து இறங்கினால் பால்காரர், கேஸ் கனெக்ஷன் எல்லாம் சொல்லிக் கொடுக்கிறோம். கூடவே கொசுவலையையும், மலேரியா பரிசோதனை எங்கே செய்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட்டால் என்ன?