விரைவில் என்றால் எந்த மாசம்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளக் காலம். பள்ளி மண்டபத்தில் துயர் துடைப்பு மையம். பார்வையிட வந்த தலைவர் கிளம்பும்போது செய்தியாளர்கள் நாங்கள் சூழ்ந்துகொண்டோம். அவர் முகத்துக்கு நேரே பத்துப் பதினைந்து கைப்பேசிகள். உதவியாளர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு கேள்வி.

ராத்திரியே எழுதி வைத்திருந்தேன். ஊடகத் துறைப் பட்டம் வேறு இருக்கிறதே! முன்னுரை, புள்ளிவிவரம், அதற்குள் மூன்று கேள்விகள். அவர் பொறுமையாகக் கேட்டார். மூன்றில் எளிதானதை மட்டும் எடுத்துக்கொண்டு, "உதவித்தொகை விரைவில் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு காரில் ஏறினார். நானும் "நன்றி டத்தோ" என்றேன்.

மறுநாள் காலை அந்தக் குரல்பதிவை ஒலிபரப்பினோம். அதே மையத்தில் பிள்ளைகளோடு தங்கியிருந்த ஓர் அம்மா அழைத்தார்.

"ஏம்மா, விரைவில்னா எந்த மாசம்? மெத்தை, அடுப்பு எல்லாம் போச்சு. கடன் வாங்குறதா, காத்திருக்கிறதான்னு தெரியல. நீங்க பக்கத்துலதானே நின்னீங்க, கேட்டிருக்கலாமே?"

நேரலையில் என்னிடம் பதில் இல்லை.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கிழக்கு பெர்லின் ஞாபகம் வரும். 1989 நவம்பர் 9, மாலை. கட்சிப் பேச்சாளர் குந்தர் ஷபோவ்ஸ்கி செய்தியாளர்களைச் சந்தித்தார். நேரடி ஒளிபரப்பு. சந்திப்பு முடியும் வேளையில், மக்கள் இனி வெளிநாடு போகலாம் என்ற புதிய விதியை வாசித்தார். அது மறுநாள்தான் வெளியாக வேண்டியது. அவருக்கோ அந்த விவரம் சரியாகத் தெரியாது. எப்போதிலிருந்து நடப்புக்கு வருகிறது என்று செய்தியாளர்கள் கேட்டார்கள். காகிதங்களைப் புரட்டியவர், தமக்குத் தெரிந்தவரை உடனடியாக என்றார். செய்தி பரவியது. மக்கள் எல்லை வாயில்களில் திரண்டார்கள். 28 ஆண்டுகள் நின்ற பெர்லின் சுவரின் கதவுகள் அன்றிரவே திறந்தன.

சுவர் விழப் பல காரணங்கள் உண்டு. ஆனால் அந்த இரவை அந்த இரவாக்கியது, எப்போதிலிருந்து என்ற கேள்விதான். அதில் நழுவ இடமில்லை. என் நீளமான கேள்வியில் நழுவ மூன்று வழிகளை நானே திறந்து வைத்திருந்தேன்.

இப்போது என் கேள்வியை ஒரே மூச்சில் கேட்க முடிகிறதா என்று முதலில் சொல்லிப் பார்க்கிறேன். இன்னொன்றும் செய்கிறேன். பக்கத்தில் நிற்பவரின் கேள்விக்குத் தலைவர் நழுவினால், என் கேள்வியை ஒதுக்கிவிட்டு அவருடையதையே மறுபடியும் கேட்கிறேன். அவர் போட்டி வானொலிக்காரராக இருந்தாலும் சரி. இரண்டாவது முறை நழுவுவது அவ்வளவு சுலபமில்லை.

அடுத்த முறை வீட்டில் செய்தி பார்க்கும்போது நீங்களும் கவனியுங்கள். பதிலில் தேதி இருக்கிறதா, தொகை இருக்கிறதா, யார் பொறுப்பு என்று இருக்கிறதா? இல்லையென்றால், நாங்கள் சரியாகக் கேட்கவில்லை என்று அர்த்தம். அந்த அம்மா மாதிரி உடனே அழைத்துச் சொல்லுங்கள்.