கருவாட்டு விருந்து

வெளிநாட்டிலே வாழும் நம்மவர்கள் பிறதேசத்து நண்பரை அழைத்து விருந்திடும்போது பெரும்பாலும் ஒரு சிறு கண்காட்சியையே நடத்துகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். 'உங்கள் நாட்டு உணவைக் கொண்டு வாருங்கள்' என்று ஓர் அழைப்பு. வந்தவர் ஒவ்வொருவரும் தத்தம் தேசத்தின் தூதுவராகி, இனிப்பும் நிறமும் மிக்க பண்டம் ஒன்றை மேசைமேல் வைத்துப் புன்னகை புரிவர். நாமோ உறைப்பைக் குறைத்து, மணத்தை அடக்கி, அஞ்சி அஞ்சிச் சமைத்து வைப்போம். எல்லாரும் 'நன்று, நன்று' என்பார்கள். ஒருவர் வீட்டு அடுப்பை மற்றவர் அறிந்தாரில்லை.

நோர்வே நாட்டின் பேர்கன் நகரிலே நான் வாழ்ந்த காலத்தில் இத்தகைய விருந்துகளை உண்டு சலித்திருந்தேன். ஆகவே என் முறை வந்தபோது, நாட்டை விட்டுக் கருவாட்டையே விருந்தின் பொருளாக வைத்தேன். வெயிலிலோ காற்றிலோ புகையிலோ உலர்ந்த மீனாயின் எதுவும் வரலாம். மணத்தைக் குறைத்துக் கொண்டு வருதல் மட்டும் கூடாது.

நம்மவர் ஒருவர் இதைக் கேட்டு முகஞ்சுளித்தார். அவர் அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. குளிர்காலத்தில், சன்னல் அடைத்த மாடிவீட்டிலே கருவாடு பொரித்தால் மணம் படிக்கட்டு முழுவதும் இறங்கும். மறுமுறை வீடு தேடும்போது அந்த மணமே நமக்கெதிராகச் சாட்சி சொல்லும். ஆயினும் அவருடைய கூச்சத்தின் வேர் நோர்வேயில் இல்லை, யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. விரதகாரரை நான் குறை கூறவில்லை. மீன் பிடிப்பவனையும் அதைக் காயவைப்பவளையும் எட்ட நிறுத்திவிட்டு, அவர்கள் பண்டத்தை மட்டும் அடுக்களைக்குள் மறைவாக ஏற்றுக்கொண்ட வழக்கத்தையே சொல்கிறேன். நற்றிணையின் 45ஆம் பாட்டிலே, நகரத்திலிருந்து வந்த செல்வத் தலைவனைத் தோழி தடுக்கிறாள். சுறாவை அறுத்து உலர்த்திப் பறவை ஓட்டும் எங்கள் மேல் புலால் மணக்கும், விலகி நில்லும் என்பது அவள் பேச்சின் கருத்து. அதிலே நாணம் இல்லை, மிடுக்கு இருக்கிறது. அந்த மிடுக்கை நாம் எங்கே தொலைத்தோம்?

விருந்துக்கு நோர்வேஜியத் தம்பதியர் 'லூட்டபிஸ்க்' கொண்டு வந்தனர். லொபோட்டன் தீவுகளிலே பெப்ரவரி முதல் மே வரை, தலை நீக்கிய கொட் மீன்களை வாலோடு வால் பிணைத்து மரச் சட்டங்களில் தொங்கவிடுவார்கள். உப்புத் தொடுவதில்லை, உறைநிலையை ஒட்டிய கடற்காற்றே அவற்றைக் கட்டையாக்கிவிடும். அந்தக் கட்டையைக் காரம் கலந்த நீரில் ஊறவைத்துக் களிபோலாக்கி, நத்தாரை ஒட்டி உண்பதே லூட்டபிஸ்க். அதன் நாற்றத்தை அந்நாட்டாரே கேலி செய்வர். 'இதைப் பிறநாட்டாருக்கு வைக்கலாமென்று நாங்கள் எண்ணியதே இல்லை' என்றார் அந்த அம்மையார்.

நைஜீரியத் தோழர் எகுசி விதையும் கீரையும் இட்ட குழம்பின் மூடியைத் திறந்தார். நடுவே கிடந்தது அதே கொட் மீனின் தலை! உயர்ந்த தரமான உடல்கள் பெரும்பாலும் இத்தாலிக்குப் போக, உலர்ந்த தலைகள் நைஜீரியாவுக்குப் போகின்றன. இக்போ மக்கள் இம்மீனை 'ஒக்போரோக்கோ' என்பர். 1967 முதல் 1970 வரை நடந்த பியாப்ரா யுத்தத்தில் இது நிவாரணமாகவும் வந்தது; தோழரின் தாயார் சிறுமியாக அதை உண்டு உயிர் பிழைத்தவராம். இதை அவர் சபையறியச் சொல்லவில்லை. பரிமாறும்போது என் காதோடு சொன்னார். தேசத் தூதுவராக வந்திருந்தால் சொல்லியிருப்பாரா என்பது ஐயமே.

போர்த்துக்கேய மாணவி கொண்டுவந்த உப்புக் கொட்டை விரித்துரைக்க இடமில்லை. யப்பானியர் தம் 'கட்சுவோபுசி'யைச் சீவியபோது, நம் சம்பலுக்கு இடிக்கும் மாசியை அதன் பக்கத்திலே வைத்தேன். இரண்டும் அவித்துப் புகையிட்டு உலர்த்திய சூரை மீனே. இரண்டையும் ஒன்றோடொன்று தட்டி, மரத்தின் ஓசை கேட்டுச் சிரித்தார்.

நான் சமைத்தது மன்னார்க் கட்டாக் கருவாடும் கத்தரிக்காயும் இட்ட குழம்பு, பிட்டோடு. தூளைக் குறைக்கவில்லை. விருந்தினரின் நாவறிந்து படைப்பதன்றோ பண்பு என்று வாசகர் கேட்கலாம். நோயும் சமயமும் விலக்குவனவற்றை முன்னரே கேட்டறிந்து ஒதுக்குவது பண்புதான்; அப்படியே செய்தேன். ஆனால் நம் உணவை அவர் தாங்கமாட்டார் என்று கேளாமலே நாம் முடிவுகட்டுவது, மரியாதை வேடமிட்ட அவமதிப்பு. விருந்து என்ற சொல்லுக்கே பழந்தமிழில் புதுமை என்றும், புதியவர் என்றும் பொருள். வள்ளுவர் விருந்தினரைச் சுற்றத்தாரினின்றும் வேறாகவே எண்ணுகிறார். நம்மை அறியாத அந்தப் புதியவருக்கு நம் வீட்டின் மெருகிட்ட பக்கத்தை மட்டும் காட்டி அனுப்பினால், அவர் எதை அறிந்து போவார்?

கண்ணீரும் தண்ணீருமாகத்தான் உண்டார்கள். பிட்டு மிஞ்சவில்லை.

முகஞ்சுளித்த அன்பர் வந்தாரா என்று கேட்பீர்கள். வந்தார், மூன்று முறை குழம்பு வாங்கினார். தம் மேலங்கியை மட்டும் வெளியே, படிக்கட்டின் கைபிடியிலே தொங்கவிட்டிருந்தார்.