பெயர்ப்பலகையைத் துடைத்து மாட்டினால் போதுமா?

பி.டி.எஸ். முடிக்க ஐந்து வருடம். அப்புறம் கல்யாணம், குழந்தை, மாமியாருக்கு உடம்பு சரியில்லை, கணவருக்கு ஊர் மாற்றம். எட்டு, பத்து வருடம் ஓடியே போய்விடும். பிள்ளை பெரிய வகுப்புக்குப் போனதும் "நீ திரும்ப பிராக்டிஸ் பண்ணலாமே" என்பார்கள். பலகையைத் துடைத்து மாட்டிவிடலாம். ஆனால் கை?

பல் மருத்துவம் கைவேலை. கடைவாய்ப் பல்லைச் சின்னக் கண்ணாடியில் பார்த்தபடியே குடைய வேண்டும். கண்ணாடியிலோ எல்லாம் மாறித் தெரியும். "சைக்கிள் மாதிரி, மறக்காது" என்பவர்கள் உண்டு. மறக்காதுதான். ஆனால் பத்து வருடம் கழித்து சைக்கிள் எடுப்பவர், முதல் நாளே பின்னால் ஆளை உட்கார வைத்துக் கடைத்தெருவில் ஓட்ட மாட்டாரே!

தொழிலும் காத்திருக்கவில்லை. பல்லடைக்கும் பாதரசக் கலவையின் இடத்தைப் பல்நிற காம்போசிட் பிடித்துவிட்டது. எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவிய காலம் போய், படம் நேராகக் கம்ப்யூட்டரில் வருகிறது. ரூட் கெனாலுக்குக் கையால் ஃபைல் போட்டவர்கள் மோட்டார் வைத்துச் செய்கிறார்கள். 2020 கொரோனாவுக்குப் பிறகு கிருமித் தடுப்பிலும் கவனம் கூடிவிட்டது.

இது பழைய கதைதான். ஜின்னாவின் தங்கை பாத்திமா ஜின்னா கல்கத்தாவில் பல் மருத்துவம் படித்து, 1923-ல் பம்பாயில் கிளினிக் திறந்தார். 1929-ல் அண்ணி இறந்ததும் அதை மூடிவிட்டு அண்ணன் வீட்டைப் பார்த்துக்கொள்ளப் போனார். அந்தத் தொழிலுக்குத் திரும்பவே இல்லை. அவர் அரசியலில் பெயர் பெற்றார். எல்லோருக்கும் அப்படி வாய்க்குமா?

1948-ம் வருடத்துப் பல் மருத்துவர் சட்டம், கட்டணம் கட்டாமல் பதிவேட்டிலிருந்து நீங்கிய பெயரைத் திரும்பச் சேர்க்க வழி வைத்தது. பெயருக்கு வழி உண்டு. கைப்பழக்கத்துக்கு? இங்கிலாந்தில் 2000-களில் இடைவெளி விட்ட பல் மருத்துவர்களைத் திரும்பக் கொண்டுவரத் தனித் திட்டமே போட்டார்கள். நம் நாட்டிலும் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, வேலையை விட்ட பெண் விஞ்ஞானிகளுக்கு 2002 வாக்கில் உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. விஞ்ஞானிக்குச் செய்ததைப் பல் டாக்டருக்குச் செய்யக் கூடாதா?

இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். சிதம்பரத்தில் 1980-ல் தொடங்கிய ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி 2021-ல் அரசின் சுகாதாரத் துறைக்கு வந்தது. அங்கே நாற்காலி உண்டு, நோயாளி உண்டு, சொல்லித்தர ஆசிரியர் உண்டு. மூன்று மாதம், சனிக்கிழமைகளில் மட்டும் ஒரு பயிற்சி நடத்தலாம். முதல் மாதம் பொம்மைத் தலையில், அடுத்து ஆசிரியர் பக்கத்தில் நிற்க நோயாளியிடம். கடலூர் முதுநகரில் ரயில் ஏறினால் அதே பாதையில் சிதம்பரம். காலையில் போய் பிள்ளைகள் டியூஷன் முடிவதற்குள் திரும்பிவிடலாம்.

"புதிதாகப் படித்து வருகிறவர்களுக்கே வேலை இல்லை, இவர்கள் வேறா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பயிற்சி தராவிட்டாலும் சிலர் கிளினிக் திறக்கத்தான் போகிறார்கள். தடுமாறும் கையின் கீழே வாயைத் திறந்து படுத்திருப்பது நாம்தான்!

ஐந்து வருடப் படிப்பு வீணாவதைவிட மூன்று மாதப் பயிற்சி மலிவு. மனசு வைக்க வேண்டியது கல்லூரியும் அரசும்தான்.