கட்சீனில அழு, லெவலில சுடு

எங்களில் முக்கால்வாசிப் பேர் கேம் விளையாடப் பழகினது யாழ்ப்பாண டவுனில், மணித்தியாலக் கணக்குக்குக் காசு வாங்கிற கடைகளில்தான். மண்டைதீவில் இருந்து பண்ணைப் பாலத்தால் சைக்கிள் உழக்கிப் போய், பொக்கற்றில் கிடந்த சில்லறையை எண்ணிக் குடுத்து, ஒரு மணித்தியாலம் இருப்பம். அந்த நேரத்தில் திரையில் ஆட்கள் நின்று கதைக்கத் தொடங்கினால் அது எங்கட காசு போற சத்தம். பிறகு கதைக்கிறது இங்கிலீசில, அதுவும் அமெரிக்க இங்கிலீசில. பட்டனை அமத்து, தாண்டு. கடைக்காரர் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம் அது.

அதனால் 'சான் அன்ட்ரியாஸ்' கதையைக் கேட்டால் இன்றைக்கும் எங்களில் பாதிப்பேர் முழிப்பம். சீஜே தாய் செத்த செய்தி கேட்டு ஊருக்குத் திரும்பி வந்தவன் என்பதே கனகாலத்துக்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரியும். ஆனால் ஓடுற ரயிலுக்குப் பக்கத்தில் மோட்டச்சைக்கிளை விட்டுக்கொண்டு போற மிஷனைக் கேளுங்கோ. எத்தனை தரம் தோத்தம், எந்த வளைவில் விழுந்தம், பின்னால இருந்தவனை எப்படியெல்லாம் பேசினம் என்று விடிய விடியச் சொல்லுவம். எங்கட கையுக்கு நினைவிருக்கிறது அதுதான். கையுக்கு நினைவில்லாத கதையை எழுத்தாளர் எவ்வளவு உருகி எழுதியிருந்தாலும் எங்களுக்கு அது வந்து சேரவே இல்லை.

இதை ஏன் சொல்லுறம் எண்டால், இப்ப கேம் விமர்சனம் செய்கிற தம்பிமார் எல்லாரும் ஒரே மாதிரித்தான் மார்க்ஸ் போடுகினம். ஸ்டோரிக்கு எட்டு, கேம்பிளேக்கு ஏழு, பேஸிங் கொஞ்சம் ஸ்லோ, ஆறரை. கடைசியில் 'பலன்ஸ் காணாது' என்று ஒரு வரி. கதை ஒரு தட்டில், விளையாட்டு மற்றத் தட்டில், நடுவில முள்ளு நேரா நிக்குதோ எண்டு பார்க்கினம். சந்தையில் மீன் நிறுக்க அந்தத் தராசு சரி. அக்‌ஷன் அட்வெஞ்சர் கேமுக்கு அது பிழையான தராசு என்பதுதான் எங்கட வாதம். கதையை விளையாட்டில் இருந்து பிரித்து எடுத்து நிறுக்க முடிகிறதென்றால், அந்த இடத்திலேயே கேம் உடைஞ்சிட்டுது.

2013இல் வந்த 'டூம் ரெய்டர்' இதற்கு நல்ல சாட்சி. அதுவும் ஒரு தீவுக் கதைதான். கப்பல் உடைஞ்சு கரை ஒதுங்கின லாரா, இளம் பிள்ளை, தன்னைப் பிடித்தவனிடம் இருந்து தப்ப முதல் தடவை ஒருவனைச் சுடுகிறாள். சுட்டுவிட்டு நடுங்குகிறாள், அழுகிறாள். நல்ல காட்சி, நாங்களும் கொஞ்சம் ஆடிப்போனம். கட்சீன் முடிகிறது. அடுத்த சில நிமிஷத்தில் அவளே வரிசையாக ஆட்களை விழுத்துகிறாள். ஒவ்வொருவன் விழ விழ மூலையில் புள்ளி ஏறுகிறது, தலையில் சுட்டால் கூடப் புள்ளி. அப்ப முதல் அழுத பிள்ளை எங்க போட்டுது? எழுத்தாளர் ஒரு அறையில் இருந்து அழுகையை எழுதினார், வேறொரு அறையில் வேறு ஆட்கள் புள்ளிக் கணக்கை எழுதினார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. நடுவில நிண்டு கன்ட்ரோலரைப் பிடிச்ச எங்களை ஒருத்தரும் யோசிக்கேல்லை.

(இடையில ஒண்டு. இந்தக் கேம்களில் தீவு என்றாலே வெளியில் இருந்து வந்தவர் மாட்டுப்பட்டுத் தப்பி ஓடுகிற இடம்தான். 2012இல் வந்த 'ஃபார் கிரை 3'உம் அப்படித்தான். பள்ளிக்கூடம் முடிஞ்சு பிள்ளையள் வீட்ட போற தீவை இன்னும் ஒருத்தரும் செய்து காட்டேல்லை.)

இந்த முரணுக்குப் பெயர் வைத்தே கனகாலம். 2007இல் 'பயோஷாக்' பற்றி எழுதியபோது கேம் வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் அதற்கு 'லூடோநரேட்டிவ் டிஸொனன்ஸ்' என்று பெயர் வைத்தார். கதை சொல்கிறது ஒன்று, கை செய்கிறது இன்னொன்று என்று விளங்கிக்கொள்ளலாம். ஒன்பது வருஷம் கழித்து வந்த 'அன்சார்ட்டட் 4'இல், 1000 எதிரிகளை வீழ்த்தினால் ஒரு ட்ரோபி கிடைக்கும். அந்த ட்ரோபியின் பெயரே லூடோநரேட்டிவ் டிஸொனன்ஸ். தங்கட பிழையைத் தாங்களே பகிடியாக்கி எங்கட கையில தந்திட்டினம். நேர்மையென்று சிலர் மெச்சினார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்று சொல்லுறம். 1986 ஜூன் 10ஆம் திகதி, எங்கட மண்டைதீவுக் கடலில், தொழிலுக்குப் போன மீனவர் 31 பேர் கொல்லப்பட்டார்கள். நாங்கள் ஒருத்தரும் அப்ப பிறக்கவில்லை. ஆனாலும் ஜூன் வந்தால் குருநகரில் விளக்குக் கொளுத்துகிறார்கள், சனம் இன்னும் அழுகுது. 31 என்பது எங்களுக்கு ஒரு தொகை இல்லை, அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு இருந்தது. இப்படியான ஊரில் இருந்துகொண்டு, ஆட்களை விழுத்துவதை இரண்டு கட்சீனுக்கு இடையில் போட்டு நிரப்புகிற சாமானாகப் பார்க்க எங்களுக்கு ஏலாது. கேமில் சண்டையே கூடாது என்று உபதேசம் பண்ண வரவில்லை. நாங்களும் சுட்டு விளையாடினனாங்கள்தான், இண்டைக்கு இரவும் விளையாடுவம். ஒரு கேம் கொலையைப் பற்றி அழப் போகுதெண்டால், அந்தக் கொலை எங்கட கையிலும் கனக்க வேண்டும். அவ்வளவுதான் கேக்கிறம்.

கனக்க வைக்க முடியாதா? 2005இலேயே பிளேஸ்டேஷன் 2இல் செய்து காட்டிவிட்டார்கள். ஃபுமிட்டோ உவேதாவின் 'ஷடோ ஒஃப் த கொலோசஸ்'. மொத்தக் கேமிலும் எதிரிகள் 16 பேர். இடையில் நிரப்புவதற்குச் சின்ன எதிரிகள் ஒருவரும் இல்லை, ஒரு வெறும் வெளி, ஒரு குதிரை. அந்த வெளியில் ஓடிக்கொண்டே இருக்கிறோம். மலை மாதிரி ஒரு உயிரைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் மயிரைப் பிடித்துத் தொங்கி ஏறி, அது உதற உதறக் கை களைக்கப் பிடித்திருந்து குத்துகிறோம். பிடிக்கிற பட்டனை விட்டால் விழுவோம், அதனால் நிஜத்திலும் விரல் நோகும். அது சரிந்து விழுகிறபோது வெற்றி மேளம் இல்லை, துக்க இசை வருகிறது. அடுத்த தரம் குதிரையில் ஏறி அந்த வெளியில் ஓடும்போது, நாங்கள் செய்தது சரியோ எண்டு யோசிக்க நேரம் இருக்கிறது. 'வெறும் இடம் கனக்க, போரடிக்குது' எண்டு சொல்லுற ஆட்களுக்கு, அந்த வெறும் இடம்தான் கதை.

பண்ணைப் பாலத்தில் சோளகக் காத்துக் காலத்தில் சைக்கிள் ஓடினவர்களுக்கு இது விளங்கும். டவுனில் இருந்து தீவுக்குத் திரும்பும்போது காத்து முகத்தில அடிக்கும். ரெண்டு பக்கமும் தண்ணி, நேர் ரோட்டு, எவ்வளவு உழக்கினாலும் தூரம் குறையாது. அந்த நேரத்தில்தான் அண்டைக்கு நடந்த எல்லாம் தலைக்குள்ள ஓடும். ரிசல்ட் வந்த நாள், ஆரோ செத்த நாள், ஒருத்தி பார்த்துச் சிரிச்ச நாள். பாலம் இல்லாமல் டவுனும் வீடும் ஒட்டிக் கிடந்திருந்தால் அந்த நாள்கள் எங்களுக்குள் இறங்கியிருக்காது.

அதுக்காக மெதுவாக்கினால் எல்லாம் சரியென்று இல்லை. இப்ப பெரிய கேம்களில் ஒரு வியாதி இருக்கு: பக்கத்தில் ஒரு ஆள் கதைத்துக்கொண்டு வருவார், நாங்கள் ஓட ஏலாது, துள்ள ஏலாது, அவர் முடிக்கும்வரை ஆமை நடை. இது கட்சீனைவிட மோசம். கட்சீன் என்றால் தேத்தண்ணி குடிக்கலாம், இதில ஸ்டிக்கை முன்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்க வேணும். எங்களைக் காவலுக்கு நிறுத்திவிட்டு அதற்குப் பேஸிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதே வேலையை 2018இல் வந்த 'கோட் ஒஃப் வோர்' ஒரு வள்ளத்தை வைத்துச் செய்தது. தகப்பன் கிராட்டோஸ், மகன் அட்ரியஸ். இடுப்பில் தொங்குகிற மிமிர் என்ற தலை பழங்கதை சொல்லும். துடுப்புப் போடுவது நாங்கள், எங்கே போவது என்பதும் எங்கட இஷ்டம். கரை வந்து இறங்கினால் மிமிர் பாதியில் நிறுத்திவிடும். சண்டையெல்லாம் முடித்துத் திரும்ப வள்ளத்தில் ஏறினால் விட்ட இடத்தில் இருந்து தொடங்கும். குறிகாட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குப் படகில் போன ஆட்களுக்குத் தெரியும், பக்கத்தில் இருக்கிற ஆச்சி தன்ர மருமகளின்ர கதையை எடுத்தா எண்டால் இறங்குதுறை வரத்தான் நிப்பாட்டுவா. பின்னேரம் அதே படகில திரும்பேக்க மிச்சம் வரும். அந்தப் படகில் வேறு செய்ய ஒன்றுமில்லை, அதனால் கதை காதில் விழும். நாங்கள் அந்தக் கேமை விளையாடும்போது கதை கேட்பதற்காகவே கரைக்குப் போகாமல் ஏரியைச் சுற்றினம். ஒருவரும் எங்களைக் கட்டிப்போடவில்லை.

இனி வாறது கதையின் முடிவு, 'பிரதர்ஸ்' விளையாடாதவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போங்கோ. 2013இல் வந்த சின்னக் கேம், மூன்று மணித்தியாலத்தில் முடியும். செய்தவர் ஜோசப் ஃபாரஸ், சின்ன வயதில் லெபனான் போரில் இருந்து குடும்பத்தோடு சுவீடனுக்குப் போய்ச் சேர்ந்தவர். அதில் கதைக்கிற பாஷை உலகத்தில் இல்லாத பாஷை, அதனால் நெடுங்கேணிப் பிள்ளைக்கும் நியூயோர்க் பிள்ளைக்கும் ஒரே அளவுதான் விளங்கும். இடது கை அண்ணன், வலது கை தம்பி. தாய் தண்ணியில் மூழ்கிச் செத்ததால் தம்பிக்கு நீந்தப் பயம், ஆறு வந்தால் அண்ணன்ர முதுகைப் பிடித்துக்கொண்டுதான் போவான். கடைசியில் அண்ணன் இல்லை. தம்பி தனிய ஆற்றங்கரையில் நிற்கிறான், எங்கட இடது கை சும்மா கிடக்கிறது. வலது கையால் என்ன செய்தாலும் தண்ணிக்குள் இறங்கமாட்டான். எங்களில் ஒருத்தி கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, தற்செயலாக அண்ணன்ர பட்டனை அமத்தினாள். தம்பி நீந்தத் தொடங்கினான். கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு எழும்பி வெளியில போட்டாள். ஒரு சொல் இல்லை, வயலின் வைத்து உருக்கிற கட்சீன் இல்லை. இதற்கு ஸ்டோரிக்கு எத்தனை, கேம்பிளேக்கு எத்தனை எண்டு பிரிச்சுப் போடுங்கோ பாப்பம்.

எங்கட பாஷையிலும் உதாரணம் உண்டு, ஆனால் சண்டைக் கேம் இல்லை: ரொறன்ரோவில் செய்த 'வெண்பா' (2023), அடுத்த வருஷம் பாஃப்டா விருது வாங்கினது. கனடாவுக்குப் போன தமிழ்த் தாய், கிழிஞ்சுபோன சமையல் புத்தகம். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும், அந்தத் தடுமாற்றத்திலேயே ஒரு குடும்பத்தின் இழப்பு தெரிகிறது. அதைத் துள்ளிப் பாயிற கேமில் செய்ய ஏலாது என்று சொல்பவர்கள் பிரதர்ஸை இன்னொருக்கா விளையாடிப் பாருங்கோ.

இவ்வளவும் எழுதினதுக்குக் காரணம் எங்கட வீட்டுச் சண்டை. நாங்களும் ஒரு கேம் செய்கிறம். கோடோ என்கிற இலவச மென்பொருள், ஒரு பழைய லப்டொப், ஞாயிறு பின்னேரங்கள். 1990இல் மண்டைதீவுச் சனம் வீடு வாசலை விட்டு வெளிக்கிட்டதுதான் கதை. எங்களுக்குள்ளேயே பாதிப்பேர் கேட்கிறார்கள்: 'துவக்கு இல்லாட்டி ஆர் மச்சான் விளையாடுவான்? நடுவில ரெண்டு சண்டை லெவல் வை, பேஸிங் சரியா வரும்.'

அவர்களுக்குத்தான் இது பதில். எங்களில் ஒருவரின் அம்மம்மா வெளிக்கிட்ட அன்றைக்குத் தையல் மிஷினை விட்டுவிட்டு ஆட்டை ஏற்றினவா. இண்டைக்கும் அந்த மிஷினைச் சொல்லிக் கவலைப்படுவா, ஆடு பிறகு செத்துப்போச்சு. அதைக் கட்சீனாகப் போட்டால் பட்டனை அமத்தித் தாண்டுவீங்கள், கடையில் இருந்து பழகின பழக்கம். அதனால் முதல் லெவலில் ஒரு வள்ளம், ஒரு முற்றம் நிறையச் சாமான். மிஷின், ஆடு, நெல்லுச் சாக்கு, கலியாணப் படம், நடக்கமாட்டாத பெரியய்யா. எதை ஏத்துறது என்பது உங்கட விருப்பம். ஏற்ற ஏற்ற வள்ளம் தாழும். ஆழமில்லாத கடல், பாரம் கூடினால் அடி தரை தட்டும், பிறகு இறங்கித் தள்ள வேண்டும், பட்டனை விடாமல் அமத்திக்கொண்டு. தூரத்தில் சத்தம் கிட்ட வருகிறது. நடுக்கடலில் எதையாவது இறக்கி விடலாம், ஆனால் திரும்பி எடுக்க ஏலாது. இதில் பதற்றம் காணாது எண்டு நினைக்கிற ஆள், வாற ஞாயிறு வந்து இருந்து விளையாடிப் பாக்கட்டும்.

போன கிழமை துவக்குக் கேட்டவர்களில் ஒருவன் வந்து இருந்தான். தரை தட்டினதும் முதல் வேலையாக ஆட்டை இறக்கினான். பிறகு கொஞ்சம் யோசித்து, முதலில் இருந்து தொடங்கலாமோ என்று கேட்டான். அந்த வசதி வைக்கேல்லை எண்டு சொன்னம். 'அநியாயம்' எண்டான். இப்ப அதை வைக்கிறதோ இல்லையோ எண்டதுதான் சண்டை.