வகாண்டாவின் கதவு யாருக்காகத் திறந்தது?

'பிளாக் பாந்தர்' படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது இரண்டு காட்சிகள் வருகின்றன. முதல் காட்சியில் வகாண்டாவின் அரசன் டி'சாலா ஐக்கிய நாடுகள் அவையில் நின்று, இனி எங்கள் அறிவை உலகத்தோடு பகிர்ந்துகொள்வோம் என்று அறிவிக்கிறான். விவசாயிகளின் நாடு உலகத்துக்கு என்ன கொடுத்துவிட முடியும் என்று அங்கே ஒருவர் கேட்கிறார். டி'சாலா பதில் சொல்லாமல் புன்னகைக்கிறான். இரண்டாவது காட்சியில், வகாண்டாவின் ஒரு குடிசையிலிருந்து பக்கி பார்ன்ஸ் என்ற வெள்ளை அமெரிக்கச் சிப்பாய் குணமாகி எழுந்து வருகிறான். முதலாவது, படத்தின் முடிவு. இரண்டாவது, கம்பெனியின் அடுத்த படத்துக்கான விளம்பரம். ஒரே படத்துக்கு இரண்டு உரிமையாளர்கள் இருப்பது அங்கே பளிச்சென்று தெரிந்துவிடுகிறது.

"கறுப்பர்களுக்கும் ஒரு சூப்பர் ஹீரோவைக் கொடுத்துவிட்டார்களே, இன்னும் என்ன குறை?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். "அது வெறும் முதலாளித்துவச் சரக்கு, அதில் பேச என்ன இருக்கிறது?" என்று ஒதுக்கிவிடும் தோழர்களும் இருக்கிறார்கள். இரு தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். ஒடுக்கப்பட்டவர்களின் கதையைப் பெரிய வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளும்போது என்ன நடக்கிறது என்பதை இந்தப் படமும் அதைச் சுற்றியிருக்கும் தொடரும் நன்றாகவே காட்டுகின்றன.

மார்வெல் நிறுவனம் 2008இல் 'அயர்ன் மேன்' படத்தோடு ஒரு வியாபார முறையைத் தொடங்கியது. ஒவ்வொரு படமும் தனிக்கதை. ஆனால் எல்லாக் கதைகளும் ஒரே உலகத்தில் நடக்கும். ஒரு படத்தில் தலைகாட்டும் ஆள் இன்னொரு படத்தில் நாயகனாவான். பிறகு எல்லோரும் 'அவெஞ்சர்ஸ்' என்று கூடி ஒரு பெரும்போர் நடத்துவார்கள். ஒன்றைப் பார்த்தவர் அடுத்ததையும் பார்த்தே ஆகவேண்டும். இந்த வரிசையில் 2018 பிப்ரவரியில் வந்த 'பிளாக் பாந்தர்' 18ஆவது படம். அதற்கு முந்தைய 17 படங்களில் ஒன்றில்கூட கறுப்பர் தனி நாயகனாக இல்லை. அயர்ன் மேனுக்கு நண்பனாக ரோட்ஸ் இருந்தான், கேப்டன் அமெரிக்காவுக்கு நண்பனாக சாம் வில்சன் இருந்தான், எல்லோரையும் கூட்டிச் சேர்க்க நிக் ஃப்யூரி இருந்தான். 1998இலேயே வெஸ்லி ஸ்னைப்ஸ் நடித்த 'பிளேடு' மார்வெல் பாத்திரம்தான் என்றாலும், அந்தப் படம் இந்தப் பொது உலகத்துக்கு வெளியே நிற்கிறது.

ஆனால் வகாண்டாவின் ஆட்கள் வருவதற்கு வெகுமுன்பே வகாண்டாவின் சொத்து உள்ளே வந்துவிட்டது. 2011இல் வந்த 'கேப்டன் அமெரிக்கா: தி ஃபர்ஸ்ட் அவெஞ்சர்' படத்தில், இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போது, ஹோவர்ட் ஸ்டார்க் ஒரு வட்டக் கேடயத்தைக் காட்டுகிறான். வைப்ரேனியம் என்ற அரிய உலோகம். எஃகைவிட உறுதி, எடையோ மூன்றில் ஒரு பங்கு. கைவசம் இருந்தது இவ்வளவுதான் என்கிறான். யார் மண்ணிலிருந்து அது வந்தது என்று அந்தப் படத்தில் யாரும் கேட்கவில்லை. கொடியின் நிறங்களைப் பூசியதும் அது அமெரிக்காவின் அடையாளமாகிவிட்டது.

கற்பனைதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. அதே போரில் அமெரிக்கா செய்த அணுகுண்டுக்கான யுரேனியத்தின் பெரும்பகுதி, பெல்ஜியத்தின் பிடியிலிருந்த காங்கோவின் ஷின்கொலோப்வே சுரங்கத்திலிருந்து போனது. அணுகுண்டு செய்த விஞ்ஞானிகளின் பெயர்கள் நமக்குத் தெரியும். அந்தக் கனிமத்தைத் தோண்டி எடுத்த காங்கோ தொழிலாளி ஒருவரின் பெயராவது தெரியுமா? விடுதலை பெற்ற காங்கோவின் முதல் பிரதமர் பத்ரிஸ் லுமும்பா 1961 ஜனவரியில் கொல்லப்பட்டார். அவரைத் தீர்த்துக்கட்ட சி.ஐ.ஏ. தனியாகச் சதி செய்து நஞ்சு அனுப்பியதை அமெரிக்க செனட் குழுவே 1975இல் வெளிப்படுத்தியது. இந்த சி.ஐ.ஏ.வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், படத்திலும் வரும்.

அடுத்து வந்தது திருட்டு. 2015இன் 'அவெஞ்சர்ஸ்: ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' படத்தில் கிளா என்ற ஆயுத வியாபாரி, வகாண்டாவில் திருடிய வைப்ரேனியத்தை விற்கிறான். அவன் கழுத்தில் 'திருடன்' என்று சூடு போட்டிருக்கிறது. அது எந்த நாட்டு எழுத்து என்று தேடும் புரூஸ் பேனருக்கு வகாண்டா என்ற பெயரைச் சரியாக வாசிக்கக்கூட வரவில்லை. அந்தத் திருட்டு உலோகத்தைக் கொண்டுதான் விஷன் என்ற புதிய நாயகனின் உடல் உருவாகிறது. 2016இன் 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' படத்தில் வகாண்டா மனிதர்கள் முதன்முறையாக வருகிறார்கள், அதுவும் பிணங்களாக. நைஜீரியாவின் லாகோஸ் நகரில் அவெஞ்சர்ஸ் நடத்தும் மோதலில் 11 வகாண்டாக்காரர்கள் சாகிறார்கள். அதை ஒட்டி வியன்னாவில் கூடும் ஐ.நா. கூட்டத்தில் குண்டு வெடித்து அரசன் டி'சாக்காவும் சாகிறான். அவன் மகன் டி'சாலா அந்தப் படத்தில்தான் கறுஞ்சிறுத்தை உடையோடு நம் முன் வருகிறான். ஆக, வகாண்டாவுக்கென்று ஒரு படம் கிடைப்பதற்குள் இந்தத் தொடர் அதனிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒரு கேடயம், ஓர் உடல், 11 உயிர்கள், ஓர் அரசன்.

இப்படிப்பட்ட தொடருக்குள் இருந்துகொண்டு இயக்குநர் ரையன் கூக்லர் செய்தது சின்னக் காரியமல்ல. ஓக்லாந்தில் பிறந்த கறுப்பர் அவர். ஜோ ராபர்ட் கோலோடு சேர்ந்து தானே திரைக்கதை எழுதினார். டி'சாக்கா செத்த சில நாட்களில் கதையைத் தொடங்கி, அதற்குமேல் தொடருக்குக் கடன்பட மறுத்தார். அயர்ன் மேனோ கேப்டன் அமெரிக்காவோ வந்து யாரையும் காப்பாற்றவில்லை. தொடர் முழுக்கத் தேடப்படும் கற்களில் ஒன்று வகாண்டாவில்தான் இருக்கும் என்று ரசிகர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள், அதுவும் இல்லை. தொடர் கொடுத்தனுப்பிய வில்லன் கிளாவைப் பாதிப் படத்திலேயே கில்மோங்கர் சுட்டுக் கொன்றுவிடுகிறான். மீதிப் படம் சொந்த வீட்டு வழக்கு: இவ்வளவு வளமுள்ள வகாண்டா, அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு ஏன் கைகொடுக்கவில்லை?

இந்தப் படத்துக்காக ஆஸ்கர் வென்ற ரூத் கார்ட்டரும் ஹன்னா பீச்லரும், உடை வடிவமைப்பிலும் தயாரிப்பு வடிவமைப்பிலும் அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பர்கள். வசூல் 130 கோடி டாலரைத் தாண்டியது. கறுப்பர் படம் வெளிநாட்டில் ஓடாது என்று ஹாலிவுட் சொல்லிவந்த சாக்கு அதோடு செல்லாக்காசானது. இதையெல்லாம் வெறும் சரக்கு என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை.

அந்த வீட்டு வழக்கைத் தொடுப்பவன் கில்மோங்கர். 1992இல் ஓக்லாந்தில் அவன் தந்தையைக் கொன்றது வகாண்டாவின் அரசன், தந்தையின் உடன்பிறந்தவன். உலகெங்கும் ஒடுக்கப்பட்டவர்களின் கைக்கு வகாண்டாவின் ஆயுதம் போகவேண்டும் என்கிறான் கில்மோங்கர். கேள்வி நியாயமானது என்பதால் கேட்பவனைக் கெட்டவனாக்க வேண்டியிருக்கிறது. காதலியைச் சுடுகிறான், மூதாட்டியின் கழுத்தைப் பிடிக்கிறான், மூலிகைத் தோட்டத்தைக் கொளுத்துகிறான். அவன் அனுப்பும் ஆயுத விமானங்களைச் சுட்டு வீழ்த்துவது யார் தெரியுமா? 'சிவில் வார்' படத்திலிருந்து கூடவே வந்த எவரெட் ராஸ் என்ற சி.ஐ.ஏ. அதிகாரி. லுமும்பாவுக்கு நஞ்சு அனுப்பிய அமைப்பின் ஆள் ஓர் ஆப்பிரிக்க நாட்டைக் காக்கும் வீரனாகிறான்.

ஓக்லாந்து சாதாரண ஊரல்ல. 1966 அக்டோபரில் ஹூயி நியூட்டனும் பாபி சீலும் பிளாக் பாந்தர் கட்சியைத் தொடங்கிய ஊர். அந்தக் கட்சியை ஒற்றர்களை ஏவிச் சிதைத்தது எஃப்.பி.ஐ. சிகாகோவில் ஃப்ரெட் ஹாம்ப்டன் 1969 டிசம்பர் 4 அதிகாலையில் போலீஸ் சோதனையின்போது படுக்கையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 21. இந்த வரலாறு தெரிந்தவர்களால், ஓக்லாந்துப் பிள்ளை வில்லன், உளவுத்துறை அதிகாரி நல்லவன் என்ற கணக்கை அப்படியே விழுங்க முடியாது. ஆனால் கூக்லர் கில்மோங்கரைத் தோற்கடித்தாலும் அவன் கேள்வியைத் தோற்கடிக்கவில்லை. நீங்கள் செய்தது தவறு என்று டி'சாலா தன் முன்னோர்களிடமே சொல்கிறான். ஓக்லாந்தில் அந்தக் கட்டடத்தையே வாங்கி உதவி மையம் திறக்கிறான். வகாண்டாவின் கதவு திறக்கிறது.

அந்தக் கதவு வழியாக முதலில் நுழைந்தவர்கள் அவெஞ்சர்ஸ். பத்தே வாரத்தில், 2018 ஏப்ரலில், 'இன்ஃபினிட்டி வார்' வந்தது. விஷனின் நெற்றியில் இருக்கும் கல்லைத் தேடி தானோஸின் படை வருகிறது. எனக்கு ஓர் இடம் தெரியும் என்கிறான் கேப்டன் அமெரிக்கா. அந்த இடம் வகாண்டா. எதிரிகள் சுற்றிவந்து விஷனை நெருங்கிவிடக் கூடாது என்பதற்காக, டி'சாலா தன் நாட்டைக் காக்கும் அரணைத் தானே திறக்கச் சொல்கிறான். வகாண்டா வீரர்கள் மடிகிறார்கள். நாட்டைத் திறக்கலாம் என்று சொன்னபோது ஒலிம்பிக் போட்டி நடக்கும் என்றல்லவா நினைத்தேன் என்று தளபதி ஒகோயே கேலி பேசுகிறாள். அந்தப் படத்தில் வகாண்டா தரப்பிலிருந்து வந்த உருப்படியான விமர்சனம் அந்த நகைச்சுவை ஒன்றுதான். கடைசியில் டி'சாலாவும் தூசாகக் கரைகிறான். கில்மோங்கரின் கேள்வி அங்கே காணாமல் போய்விட்டது. முதலில் பொது எதிரியை ஒழிப்போம், உங்கள் பிரச்சினையைப் பிறகு பார்ப்போம் என்பதை எத்தனை மேடைகளில், எத்தனை கூட்டணிகளில் நாம் கேட்டிருக்கிறோம்!

பெயரின் கதையையும் பாருங்கள். ஸ்டான் லீயும் ஜேக் கர்பியும் படைத்த பிளாக் பாந்தர் காமிக்ஸில் வந்தது 1966இன் நடுவில், கட்சி தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பு. கட்சி தன் பெயரைக் காமிக்ஸிலிருந்து எடுக்கவில்லை. அலபாமாவின் லவுண்டஸ் கவுண்டியில் வாக்குரிமைக்குப் போராடிய கறுப்பர் அமைப்பின் சின்னமான கறுஞ்சிறுத்தையிலிருந்து எடுத்தது. கட்சியின் பெயர் நாடெங்கும் ஒலித்ததும் மார்வெல் தயங்கியது. 1972இல் தன் நாயகனை 'பிளாக் லெப்பர்ட்' என்று அழைத்துப் பார்த்தது. அந்தப் பெயர் நிலைக்கவில்லை. அதே 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் ராஜா தாலேவும் அந்தக் கட்சியின் பெயரை மார்தட்டி எடுத்துத் தலித் பேந்தர்ஸ் என்று சூட்டிக்கொண்டார்கள். தமிழ்நாட்டுச் சேரிகளின் சுவர்களில் ஏறிய 'சிறுத்தை'யும் அந்த வழி வந்ததுதான். கம்பெனி கழற்றிவைக்க நினைத்த பெயரைக் கடலுக்கு இந்தப் பக்கம் தூக்கிச் சுமந்தவர்கள் நம் ஆட்கள்.

அதனால்தான் இந்தப் படத்தின் நிலைமை நமக்குச் சட்டென்று புரிகிறது. 1932இல் அண்ணல் அம்பேத்கர் கேட்டது தனி வாக்காளர் தொகுதி. பூனா ஒப்பந்தத்தில் கிடைத்ததோ பொதுத் தொகுதியில் ஒதுக்கீடு. இடங்களின் எண்ணிக்கை கூடியது. ஆனால் அந்த இடத்தில் உட்காருபவரை முடிவு செய்யும் வாக்கில் பெரும்பகுதி மற்றவர்களுடையது. நம் மக்களுக்காகப் பேசவேண்டியவர், ஊர்த்தெருவின் முகம் கோணாமலும் பேசவேண்டும். டி'சாலாவும் அப்படித் தேர்வான நாயகன். இருக்கை உண்மையானது, அதில் உட்கார்ந்ததால் வந்த பெருமையும் உண்மையானது. ஆனால் தொடருக்கு வேண்டாத கேள்வியை அவன் அடுத்த படத்துக்கு எடுத்துப்போக முடியாது.

பின்னால் வந்தவற்றில் அந்தக் கேள்வி சில இடங்களில் மறுபடி தலைதூக்கியதையும் சொல்லவேண்டும். 2021இன் 'தி ஃபால்கன் அண்ட் தி விண்டர் சோல்ஜர்' தொடரில் ஐசையா பிராட்லி என்ற முதியவர் வருகிறார். கேப்டன் அமெரிக்காவை உருவாக்கிய மருந்தை இந்தக் கறுப்புச் சிப்பாயின் உடலிலும் ஏற்றிச் சோதித்து, 30 ஆண்டுகள் சிறையில் அடைத்து, பெயரையே அழித்தவர்கள் அரசாங்கத்தார். டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பர்களின் நோய்க்கு மருந்து கொடுக்காமல் வேடிக்கை பார்த்த அமெரிக்க அரசின் ஆய்வை நினைவூட்டும் கதை இது. தன்மானமுள்ள கறுப்பன் அந்தக் கேடயத்தைத் தொடமாட்டான் என்று அவர் சாம் வில்சனிடம் சொல்வது, கில்மோங்கரின் குரல்தான்.

சாட்விக் போஸ்மேன் 2020 ஆகஸ்டில் 43 வயதில் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கத்தோடு தொடங்கும் 2022இன் 'வகாண்டா ஃபாரெவர்' படத்தில், வைப்ரேனியத்துக்கு அலைவது வல்லரசுகள். அடித்துக்கொண்டு சாவதோ வகாண்டாவும், ஸ்பானியர்களிடமிருந்து தப்பிக் கடலுக்குள் போன மாயா வம்சத்தவரும். இடையிடையே சி.ஐ.ஏ. அலுவலகக் காட்சிகள் வருகின்றன. ரீரி வில்லியம்ஸ் என்ற மாணவியை அவளுடைய சொந்தத் தொடருக்காக அறிமுகம் செய்யும் வேலையும் நடக்கிறது. சொந்த நாயகனுக்கு அழுதுமுடிக்கக்கூடத் தொடர் முழு நேரம் தரவில்லை.

கூக்லர் அடுத்து எடுத்தது எந்தத் தொடரிலும் சேராத 'சின்னர்ஸ்', 2025இல் வந்தது. கில்மோங்கராக நடித்த மைக்கேல் பி. ஜோர்டான்தான் நாயகன். சொந்தமாக ஓர் இடம் வாங்கித் தம் மக்களுக்காக இசைக்கூடம் திறக்கும் கறுப்பு இரட்டையரின் கதை. 25 ஆண்டுகளுக்குப் பிறகு படத்தின் உரிமை தன்னிடமே திரும்ப வேண்டும் என்று ஸ்டூடியோவிடம் கேட்டு ஒப்பந்தத்தில் வாங்கியிருக்கிறார் அவர். பெரிய வீட்டுக்குள் இரண்டு படம் எடுத்துப் பார்த்தவர் வைத்த கோரிக்கை அது. "உங்களுக்கும் ஒரு படம் வந்துவிட்டதே" என்று அடுத்த முறை யாராவது நம்மிடம் சொன்னால், மகிழ்ச்சியோடு பார்ப்போம், கைதட்டுவோம். கூடவே பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்றும் கேட்போம்.