காணாமற்போனோரும் கருத்தில் கொள்ளப்படாதோரும்: புலனாய்வு நடைமுறைப் புதினம் குறித்து ஒரு மறுப்புரை

முன்னுரை

துப்பறியும் புதினத்தைத் தமிழ்த்துறைகள் இன்றளவும் வாயிலுக்கு வெளியே நிறுத்தி வைத்துள்ளன. ஆய்வு மாணவர் ஒருவர் அதனைத் தலைப்பாக முன்மொழிந்தால், ‘வணிக எழுத்து’ என்னும் ஒரே தொடரில் உரையாடல் முடிக்கப்படுகிறது. வாசியாமலே வழங்கப்படும் இத்தீர்ப்பை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்குச் சான்றாக, காணாமற்போனோரைத் தேடும் பெண் காவல் அதிகாரி ஒருவரை மையமாகக் கொண்ட ஆங்கிலப் புதினமான சூசி ஸ்டெய்னரின் ‘மிஸ்ஸிங், ப்ரிஸ்யூம்ட்’ (2016) எடுத்துக்கொள்ளப்படுகிறது.

வகைமை பற்றிய குழப்பம்

துப்பறியும் எழுத்து அனைத்தும் ஓரினம் எனக் கொள்வதே நம் திறனாய்வின் முதற்பிழை. ஷெர்லாக் ஹோம்ஸ் மரபில் தனியொருவரின் மதிநுட்பம் குற்றத்தை அவிழ்க்கிறது. புலனாய்வு நடைமுறைப் புதினத்தில் அத்தகைய மேதை இல்லை. அங்குள்ளது ஓர் அலுவலகம். மேலதிகாரி, கீழதிகாரி, பணிமுறை, கோப்பு, செலவுக் கட்டுப்பாடு, செய்தியாளர் நெருக்கடி ஆகியன கூடியே விசாரணையை நடத்துகின்றன. அமெரிக்காவில் லாரன்ஸ் ட்ரீட் 1945இல் எழுதிய புதினத்தை இவ்வகையின் தொடக்கமாகக் கொள்வர். 1956 முதல் எட் மக்பெய்ன் எழுதிய 87ஆம் காவல் சரகத் தொடர் இதனைப் பரவலாக்கியது. ஸ்வீடனின் மாய் ஷோவாலும் பேர் வாலேயும் இணைந்து 1965 முதல் 1975 வரை எழுதிய பத்துப் புதினங்கள், நலவாழ்வு அரசு எனப் போற்றப்பட்ட தம் நாட்டின் உட்பிளவுகளைக் காட்ட இவ்வடிவத்தையே கருவியாக்கின. அவர்கள் இருவரும் மார்க்சியர்கள் என்பதும் இவ்வடிவத்தைத் தெரிந்தே தேர்ந்தனர் என்பதும் நம் முற்போக்குத் திறனாய்வாளர்கள் கருத வேண்டியவை.

தமிழின் நிலை சற்று வேறானது. பண்டித நடேச சாஸ்திரியின் ‘தானவன்’ (1894) காவல்துறையைச் சேர்ந்தவரையே துப்பறிவாளராகக் கொண்டிருந்தது. பின்வந்தோரில் தமிழ்வாணனின் சங்கர்லால் தனியார் துப்பறிவாளர். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வழக்கறிஞர்கள். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் தனியார் நிறுவனத்தார். பெண் பெரும்பாலும் ஆணுக்கு இணையாகவோ துணையாகவோ வருகிறாள். காவல் நிலையத்தின் அன்றாடம் இவ்வெழுத்துகளில் அரிதாகவே கதைப்பொருளாகியுள்ளது. நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் 1973இல் கோழிக்கோட்டிலும், தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் சென்னையிலும் தொடங்கப்பட்டன. இத்தனை ஆண்டுகளில் அந்நிலையங்களுக்குள் நிகழ்ந்தவை நம் புதினத்தில் போதிய இடம் பெறாததற்கு, அவ்வடிவத்தை நாம் மதிக்கத் தவறியதும் ஒரு காரணம் எனலாம்.

இரு இழப்புகள், ஒரு நிலையம்

ஸ்டெய்னர் (1971–2022) இதழாளராகப் பணியாற்றியவர். அவருடைய கதைத்தலைவி மேனன் பிராட்ஷா கேம்பிரிட்ஜ்ஷயர் காவல்துறையில் டிடெக்டிவ் சார்ஜென்ட், முப்பத்தொன்பது வயதினர், தனித்து வாழ்பவர், இரவில் காவல்துறை வானொலியின் முணுமுணுப்பைக் கேட்டபடி உறங்குபவர். கேம்பிரிட்ஜ் ஆய்வு மாணவி ஈடித் ஹைண்ட் காணாமற்போகிறாள். அவள் தந்தை அரச குடும்பத்திற்கு மருத்துவம் செய்யும் புகழ்பெற்ற அறுவை மருத்துவர். எனவே விசாரணைக்கு ஆள்பலம் குவிகிறது; ஊடகங்கள் திரள்கின்றன; மேலிடத்து அழுத்தம் நாளும் கூடுகிறது. இத்தேடல் நடைபெறும் வேளையில் ஆற்றில் ஓர் உடல் கிடைக்கிறது. அது ஈடித்தின் உடலன்று. டெய்லர் டென்ட் என்னும் இலண்டன் ஏழை இளைஞனின் உடல். அவனைத் தேடி எந்தப் படையும் புறப்பட்டிருக்கவில்லை. அவனுக்காக ஏங்க எஞ்சியிருப்பவன் ஃபிளை என்னும் சிறுவனான தம்பி.

இவ்விரு இழப்புகளையும் ஒரே நிலையத்தின் மேசையில் அருகருகே வைத்ததே இப்புதினத்தின் கருத்துநிலை. நடைமுறைப் புதினத்திற்கே உரிய விவரங்கள் இங்கு அலங்காரமாக வரவில்லை. எத்தனை அதிகாரிகள் எந்த வழக்கில் அமர்த்தப்பட்டனர், யாருடைய தொலைபேசிக்கு உடனே மறுமொழி கிடைத்தது, எந்தச் செய்தி முதற்பக்கத்தை அடைந்தது என்பவற்றை அருகருகே நோக்கினாலே ஓர் உயிரின் சமூக மதிப்பு புலப்பட்டுவிடுகிறது. செல்வமும் வெண்ணிறமும் உடைய பெண்கள் மறைந்தால் மட்டுமே ஊடகங்கள் பொங்கியெழுவதை அமெரிக்க இதழாளர் குவென் ஐஃபில் 2004இல் ஒரு நோய்க்குறியாகப் பெயரிட்டுக் கண்டித்தார். அக்கண்டனத்தைக் கதையின் கட்டமைப்பாக ஆக்கியவர் ஸ்டெய்னர்.

எதிர்வாதங்கள்

இத்தகைய வாசிப்பிற்கு எதிராக இரு வாதங்கள் வைக்கப்படலாம். துப்பறியும் புதினம் இறுதியில் புதிரை விடுவித்து வாசகரை ஆறுதற்படுத்துகிறது, ஆதலின் அது கேள்வியை எழுப்புவதில்லை என்பது முதல் வாதம். புதிர் விடுபடுவதும் நீதி கிடைப்பதும் ஒன்றல்ல என்பதே இதற்கு விடை. மேனனுக்கு உண்மை தெரியவருகிறது, டெய்லர் மீள்வதில்லை. விசாரணையின் வெளிச்சம் ஈடித்தின் தோழி ஹெலினா மீது படும்போது அவள் அதன் சுமையைத் தாங்காது சிதைகிறாள். காவல்துறை உண்மையைத் தேடும் முறையே தீங்கு விளைவிக்கும் என்று காட்டும் படைப்பை ஆறுதல் இலக்கியம் என்பது பொருந்தாது.

இரண்டாவது வாதம் வலிமை மிக்கது. காவலரைக் கதைத்தலைவராக்கும் எழுத்து, வாசகரின் பரிவை அதிகாரத்தின் பக்கம் சாய்க்கிறது என்பது அது. இதில் உண்மை உண்டு. மேனன் ஃபிளையைத் தன் மகனாக ஏற்கும் பகுதி நெகிழ்ச்சியூட்டுவது. ஆயினும் ஒரு நிறுவனத்தின் புறக்கணிப்பிற்கு ஒரு தனிமனிதரின் கருணை ஈடாக வைக்கப்படுகிறது. அதை இப்புதினத்தின் குறையாகவே கொள்ளலாம். எனினும் அடுத்த புதினமான ‘பர்சன்ஸ் அன்னோன்’ (2017) இக்குறையை எதிர்கொள்கிறது. அங்கு ஒரு கொலையில் ஃபிளையே ஐயத்திற்கு உள்ளாகிறான். கறுப்பினச் சிறுவனைத் தன் துறை எவ்வாறு நோக்குகிறது என்பதை மேனன் தாயின் நிலையிலிருந்து காண நேர்கிறது. தன் கதைத்தலைவியின் கருணை போதாது என்பதை ஆசிரியரே எழுதிக்காட்டுகிறார். தன் வடிவத்தைத் தானே விசாரிக்கும் எழுத்தை வணிகம் என்று ஒதுக்க இயலுமா?

நம் மரபும் நம் சூழலும்

தேடல் தமிழுக்குப் புதிதன்று. உடன்போக்கில் மறைந்த மகளை எண்ணி நற்றாய் இரங்குவதும், செவிலி சுரம் வழியே பின்சென்று தேடுவதும் அகமரபின் துறைகள். பாலைக்கலியில் எதிர்வரும் அந்தணரிடம் செவிலி வினவும் பாடலைக் கல்லாத தமிழ் மாணவர் இல்லை. ஈடித்தின் தாய் மிரியம் காத்திருக்கும் பகுதிகளை நற்றாய்க் கூற்றோடு ஒப்பிட்டு ஆராய இடமுண்டு. அதே வேளையில், அடியோரையும் வினைவலரையும் தொல்காப்பியம் ஐந்திணைக்குப் புறத்தே வைப்பதையும் நாம் அறிவோம். எவருடைய காதலும் பிரிவும் பாடற்குரியவை என்னும் வரம்பு அன்றே இருந்தது. டெய்லர் டென்ட் அவ்வரம்பிற்கு வெளியே நிற்பவன்.

இவ்வரம்பு இலக்கியத்தோடு நில்லாது. தலைநகரையடுத்த நொய்டாவின் நிதாரியில் 2006 டிசம்பரில் குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. அதற்கு முன்னரே பிள்ளைகளைக் காணவில்லை என்று முறையிட்ட ஏழைக் குடும்பங்களைக் காவல்துறை பொருட்படுத்தவில்லை. அவ்வழக்குகளில் தண்டிக்கப்பட்டிருந்தோரை 2023இல் விடுவித்த அலகாபாத் உயர்நீதிமன்றம் புலனாய்வின் சீர்கேட்டைக் கடுமையாகச் சுட்டியது. பெற்றோருக்கு எஞ்சியது விடையின்மை. இதனிடையே 2013இல் உச்சநீதிமன்றம், குழந்தை காணாமற்போன புகார் ஒவ்வொன்றிலும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என ஆணையிட்டது. ஒரு புகார் பதியப்படுமா என்பதே உயிர்ப்பிரச்சினையாக உள்ள நாட்டில், புகார், கோப்பு, விசாரணை ஆகியவற்றைக் கதைப்பொருளாகக் கொள்ளும் இலக்கிய வடிவம் இழிந்ததாகாது. புலனாய்வின் நடைமுறை எங்கு, யார் பொருட்டுத் தளர்கிறது என்பதை நாள்வாரியாகப் பதிவுசெய்ய இதனினும் ஏற்ற புனைவடிவம் நம்மிடம் இல்லை.

முடிவுரை

துப்பறியும் புதினங்கள் யாவும் உயர்ந்தவை என்று இக்கட்டுரை வாதிடவில்லை. அவற்றுள் பதரும் மிகுதி. ஆயின் பதரைப் பிரிக்கும் பணி திறனாய்வுக்கு உரியது. களத்திற்கே செல்லாதவர் அதனைச் செய்தல் இயலாது. தமிழ்த்துறைகள் செய்யத்தக்கவை மூன்று. ‘தானவன்’ தொடங்கிய தமிழ்த் துப்பறியும் எழுத்தின் முழுமையான நூலடைவு உருவாக்கப்பட வேண்டும். வார, மாத இதழ்களில் சிதறிக் கிடப்பவை அழியுமுன் தொகுக்கப்பட வேண்டும். ஒப்பிலக்கியப் பாடத்திட்டத்தில் புலனாய்வு நடைமுறைப் புதினம் ஒன்றேனும் இடம்பெற வேண்டும்.

எந்த இழப்பைத் தேடத் தகும், எதனைத் தேடத் தகாது என்று காவல் நிலையம் தரம் பிரிப்பதைக் கண்டிக்கும் நாம், எந்த நூலை வாசிக்கத் தகும் என்பதை அட்டையைக் கொண்டே தரம் பிரித்துவருகிறோம். இவ்வழக்கத்தைக் கைவிட்டு முதலில் நூலைத் திறந்து வாசிப்போம். தீர்ப்பு அதன்பின் அமையட்டும்.